மூணாவது கியரும் இருபத்தோரு தட்டும்

ஆவணி 4, செவ்வாய்

காற்றே இல்லை. காலை ஏழு மணிக்கே முதுகு நனைந்துவிட்டது. உளுந்து இரண்டு மூடை வந்தது, ஒன்றில் கல். கிரைண்டர் பெல்ட் மாற்ற வேண்டும். மகள் பவிக்கு நோட்டு அட்டை வாங்கணும்.

ஒத்தக்கடை ஓட்டலில் இருந்து மூன்று போன். "அக்கா, மாவு எங்கக்கா? இட்லிச் சட்டி காயுது." ஆறரைக்குப் போக வேண்டிய மாவு ஏழே முக்காலுக்குப் போயிருக்கிறது. இவரைக் கேட்டால் டிராபிக்காம். கோச்சடையில் இருந்து ஆறு மணிக்குக் கிளம்புகிறவருக்கு என்ன டிராபிக்?

சாப்பிடும்போது அவராகவே சொன்னார். பாலத்து ஏற்றத்தில் மூணாவது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டதாம். பின்னால் பஸ்ஸாம். "ஹாரன்லயே கைய வச்சு நிக்கிறான். மறுபடி போட்டா விழ மாட்டேங்குது. கரகரங்குது." சொல்லிவிட்டு இன்னொரு தோசை கேட்டார்.

இந்த டைரி உரக்கடையில் போன வருஷம் கொடுத்தது. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு நானே போட்டுக்கொள்கிறேன். வண்டி படுத்தும் பாட்டை இனி இதில் எழுதிவைப்பது என்று முடிவு. இவர் படிக்க மாட்டார். எழுத்தைக் கண்டாலே கொட்டாவி வரும் ஆள்.

இதுவரை நான் கண்டதும், இவர் வாயில் இருந்து பிடுங்கியதும்:

- மூணாவது கியர்: ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் கழல்கிறது.
- ரெண்டாவது: ஏற்றத்தில், பாரம் இருந்தால்.
- ரிவர்ஸ்: அரைத்துக்கொண்டுதான் விழும். தெருவில் படுத்திருக்கும் நாய் எழுந்து ஓடுகிறது.
- கிளட்ச்: கருகல் வாடை. மாவு வாங்குகிறவர்களே கேட்கிறார்கள்.
- கியர் பெட்டியில் ஆயில் ஒழுகல். நான் போடும் கோலத்தின் நடுவில் தினமும் ஒரு கறுப்புப் பொட்டு.
- கைப்பிரேக்: பேருக்கு இருக்கிறது.

வைகாசியில் பழசாக வாங்கிய லோடு வண்டி. வாங்கியது இவருடைய தங்கை தனத்தின் புருஷனிடம். செல்வம் அதில் ஊர் ஊராக மாட்டுத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். பால் பண்ணையில் வேலை கிடைத்ததும் வண்டியைக் கொடுத்துவிடலாம் என்றார். அன்றைக்கே சொன்னேன், ரஹீம் பாயைக் கூட்டிப்போய் ஒரு தடவை காட்டிவிடுவோம் என்று. இவர் என்னைப் பார்த்த பார்வை! "தங்கச்சி புருஷன் வண்டிய மெக்கானிக்க வச்சுப் பாக்குறதா? அப்புறம் அவ அந்த வீட்டுல எப்படித் தலை நிமிந்து நிப்பா?"

வாஸ்தவம்தான். இவருக்கு அப்பா அம்மா இல்லை. தனத்துக்குப் பிறந்த வீடு என்றால் இவரும் நானும்தான். நாங்கள் அவள் புருஷனைச் சந்தேகப்பட்டால் அவளுக்கு வர ஒரு வாசல் இருக்காது. அதனால் பார்க்காமலே வாங்கினோம். எலுமிச்சம்பழம் மட்டும் நாலு சக்கரத்துக்கும் ஒழுங்காக வைத்தோம்.

ஆவணி 5, புதன்

மேகம் மூடியிருந்தது. மழை இல்லை.

நானும் வண்டியில் போனேன். கடைக்காரர்களைப் பார்க்கணும் என்று சொல்லி. உண்மையில் இவரைப் பார்க்கத்தான்.

இவருடைய இடது கை கியரை விட்டு எழவே இல்லை. ஸ்டியரிங் முழுக்க வலது கையில். தெப்பக்குளத்துக்கிட்டே வளைவில் ஒரு மாட்டுக்காக வேகத்தைக் குறைத்தார், கியர் கம்பு ஒரு உதறு உதறியது. இவர் இடது தோளையே சாய்த்து அதை அமுக்கிப் பிடித்தார். நானும் கை நீட்டிப் பிடித்தேன்.

"கைய எடு."

எடுக்கவில்லை. இரண்டாவது தடவை அவரும் சொல்லவில்லை. வண்டியூரில் இருந்து ஒத்தக்கடை வரை நான்தான் பிடித்துக்கொண்டு போனேன். பொங்கிவரும் பால் சட்டி மூடியை அமுக்கிப் பிடிக்கிற மாதிரி. உள்ளே ஏதோ தள்ளுகிறது. விட்டால் வந்துவிடும். தோள்பட்டை இப்போது வரை கடுக்கிறது.

வந்து இவர் இடது கையை இழுத்துப் பார்த்தேன். கட்டைவிரலுக்குக் கீழே காய்ப்பு. மூன்று மாதமாக இந்தக் கையைத் தொட்டுக்கொண்டிருக்கிறேன், கவனிக்கவில்லை. கோபம் அவர் மேலா என் மேலா தெரியவில்லை. கத்தியது என்னவோ பவியிடம், சீப்பைக் காணோம் என்று.

ஆவணி 7, வெள்ளி

வெயில் கொல்கிறது. கிரைண்டர் பெல்ட் மாற்றியாயிற்று.

இவருக்குத் தெரியாமல் ரஹீம் பாயை வரச் சொன்னேன். இவர் குளித்துக்கொண்டிருந்தார். பாய் ஸ்கூட்டரை நிறுத்தி, வண்டிக்குள் உட்கார்ந்து கியரை ஒரு ஆட்டு ஆட்டினார். கீழே குனிந்து பார்த்தார். எழுந்து கை துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான், அரை நிமிஷம்.

"கியர் பாக்ஸ் உள்ள பல்லுக எல்லாம் தேஞ்சு போச்சும்மா. பிடிச்சு நிக்காது. இறக்கிப் பிரிக்கணும், நாலஞ்சு நாளு வண்டி நிக்கும். இது இன்னிக்கு நேத்து வந்ததில்ல. ரெண்டு மூணு வருசமா இப்படியே ஓடியிருக்கு."

"ஓட்டலாமா பாய்?"

"மாவு தான ஏத்துறீங்க? பாத்து மெதுவா ஓட்டச் சொல்லுங்க. ஆளுகள மட்டும் ஏத்திராதீங்க. மாவு உருண்டா மாவு. ஆளு உருண்டா?"

இவர் ஈரத் தலையோடு வந்துவிட்டார். பாயைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. சும்மா இந்தப் பக்கம் வந்தேன் அண்ணே என்று பாய் போய்விட்டார். எனக்குத்தான் விழுந்தது. "ஊரு பூராச் சொல்லிட்டு வா. எம் மாப்ள ஏமாத்திட்டான்னு தமுக்கடி."

ரெண்டு மூணு வருசமா. அப்படியென்றால் செல்வம் அண்ணனுக்குத் தெரியும். தெரியாமல் எப்படி ஓட்டியிருப்பார்? இதை இவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

ஆவணி 8, சனி

தனமும் செல்வம் அண்ணனும் பத்திரிகை வைக்க வந்தார்கள். யாழினிக்குக் காதுகுத்து, 16ஆம் தேதி ஞாயிறு, அவர்கள் ஊர்க் கோயிலில். இரண்டு வயசு. மாமா மாமா என்று இவர் தோளில் ஏறி மீசையைப் பிடித்து இழுக்கிறது.

கேசரி, பஜ்ஜி. கேசரியில் சர்க்கரை கூடிவிட்டது.

தாம்பூலத் தட்டைக் கொடுத்துவிட்டு அண்ணன் கேட்டார், "வண்டி எப்படி ஓடுது மச்சான்?"

"தங்கம் மாப்ள."

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். நின்றிருந்தால் வாயில் ஏதாவது வந்திருக்கும். அங்கேயும் கேட்டது. "சீரு நம்ம வண்டியிலதான் வரணும் மச்சான். நம்ம ஆளுக எல்லாம் பின்னால உக்காந்து, தட்ட மடியில வச்சு, கொட்டோட வந்து எறங்கணும். எங்க ஊரே பாக்கணும்ல, தாய்மாமன் வீட்டுச் சீர."

"அதுக்கென்ன மாப்ள. இருபத்தோரு தட்டு. அசத்திருவோம்."

அதுக்கென்னவாம்! ரஹீம் பாய் சொன்னது நேற்றுத்தான்.

அந்த ஊருக்குப் போகிற வழி எனக்குத் தெரியும். செக்கானூரணி தாண்டி உள்ளே திரும்பினால் சமதரைதான், வயலும் கருவேலமுமாக. ஆனால் கோயிலுக்குப் போகக் கண்மாய்க்கரை மேல் ஏற வேண்டும். செங்குத்தான ஏற்றம், ஒரு வண்டி அகலம். ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் பள்ளம். சும்மா நடந்தாலே மூச்சு வாங்கும்.

தனம் எனக்குக் குங்குமம் வைத்துவிட்டாள். அவள் வலது உள்ளங்கை சொரசொரவென்று காய்த்துப்போயிருக்கிறது. அங்கே என்னதான் வேலை வாங்குகிறார்களோ. கிளம்பும்போது வாசலில் வண்டியைச் சுற்றிக்கொண்டு தள்ளியே போனாள். முன்பெல்லாம் அதே வண்டியில் புருஷன் பக்கத்தில்தான் இருப்பாள். தீவனம் போடக்கூடப் பின்னாலேயே போவாள், வயிற்றுப் பிள்ளையோடும் போனாள். புருஷனைப் பிரிய மாட்டாளே என்று நான் எத்தனை கேலி செய்திருக்கிறேன்.

என் காதருகில் வந்து சொன்னாள், "மதினி, நீங்களும் பவியும் பஸ்ல வந்துருங்களேன். வெயிலு தாங்காது."

சுருக்கென்றது. சீர் கொண்டுவருகிறவள் நான். தாய்மாமன் பெண்டாட்டி. என்னைப் பஸ்ஸில் வரச் சொல்கிறாள். புருஷன் வீட்டுப் பவிசு வந்துவிட்டது போல. சரி சரி என்று சிரித்தேன். மனசு ஆறவில்லை.

ஆவணி 10, திங்கள்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதணும்.

ஒத்தக்கடையில் காலேஜுக்குத் திரும்பும் சந்து, மேடு. அங்கே ரெண்டாவது கழன்றிருக்கிறது. பிரேக்கை மிதித்தும் பாரம் பின்னால் இழுத்திருக்கிறது. கைப்பிரேக் வழக்கம்போல. பத்தடி, பதினைந்தடி பின்னால் உருண்டு, கொய்யாப்பழ வண்டியில் இடித்து நின்றிருக்கிறது. கொய்யாக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். ஸ்கூட்டரில் வந்த ஒரு காலேஜ் பெண், ஒடித்துத் திருப்பி மயிரிழையில் தப்பித்தாளாம். ஆறு மாவு வாளி கவிழ்ந்து ரோடெல்லாம் மாவு.

ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. நானும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்தும் இவர் வண்டியில் இருந்து இறங்கவில்லை. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அந்தப் பிள்ள நம்ம பவி மாதிரியே ரெட்டை ஜடை போட்டிருந்துச்சு" என்றார்.

சமயம் பார்த்து நான் ஆரம்பித்தேன். "மாப்பிள்ளகிட்டச் சொல்லிருங்க. சீரு வேற வண்டியில வருதுன்னு மட்டும் சொல்லுங்க."

"ஏன்னு கேப்பான்."

"கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க."

"அவன் கொடுத்த வண்டி. மூணு மாசத்துல கெட்டுப்போச்சுன்னா என்ன அர்த்தம்? மூஞ்சிக்கு நேரா திருட்டுப் பயலேன்னு சொல்ற மாதிரி. என்ட்ட ஒண்ணும் கேக்க மாட்டான். வீட்டுக்குப் போயி அவளத்தான் கேப்பான், உங்கண்ணன் என்ன இப்படிச் சொல்றானேன்னு. அவங்க அம்மா கேக்கும். ஊரு கேக்கும்."

"அப்ப உசுரு?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியைத் தூக்கி எறிந்தேன். சுவரில் பட்டு வளைந்துவிட்டது.

அன்று பின்னால் ஏறப்போகிறவர்கள்:

- இவருடைய பெரியம்மா. முழங்கால் மடக்க வராது.
- பெரியப்பா. எல்லாவற்றுக்கும் அபிப்பிராயம் உண்டு.
- என் அக்கா, அவள் கைக்குழந்தை.
- எதிர்வீட்டு ராணி, அவள் மாமியார்.
- கொட்டுக்காரர் மூன்று பேர்.
- இன்னும் நாலைந்து பொம்பளையாட்கள், சேலை கட்டி, பூ வைத்து, மடியில் தட்டோடு.
- பவி.

கடைசிப் பெயரை எழுதிவிட்டு அடித்தேன். அடித்தால் போதுமா. மறுபடி எழுதினேன்.

ஆவணி 12, புதன்

புழுக்கம். கறுத்துக்கொண்டு வந்து சும்மா போய்விட்டது.

பெரியப்பா வீட்டுக்குப் போய், எல்லோரும் சவுகரியமாக உட்கார ஒரு சின்ன பஸ் பேசலாமா என்று மெல்ல விட்டேன். "சொந்த வண்டிய வாசல்ல வச்சுக்கிட்டு வாடகை வண்டியில சீரு கொண்டு போறதா? எவம்மா ஒனக்கு இம்புட்டுப் புத்தி சொன்னது?" பெரியம்மா கண்ணால் சைகை காட்டினார், பேசாமல் இரு என்று. வெளியே வரும்போது பெரியப்பா சொன்னது காதில் விழுந்தது: "நாத்தனா புருசன் கொடுத்த வண்டில ஏற இவளுக்கு நோகுது."

இதுதான் நடக்கும் என்று தெரியும். நான் என்ன சொன்னாலும் நாத்தனார் வீட்டு மேல் பொறாமை என்றுதான் போய் நிற்கும். ஆணாக இருந்து சொல்லலாம். இவர் ஆண், இவர் சொல்ல மாட்டார்.

வண்டியைக் கிளம்பாமல் பண்ண என்ன வழி என்று யோசித்தேன். டீசல் டேங்கில் சர்க்கரை போட்டால் இன்ஜின் போய்விடுமாமே. டேங்க் மூடிக்குச் சாவி இவர் இடுப்பில். பிறகு கோணி ஊசியை எடுத்துக்கொண்டு டயர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். டயர் என்ன பூரியா, குத்தினால் புஸ்ஸென்று போக. ஊசி வளைந்தது. ராணி மாடியில் இருந்து, "என்னக்கா பண்றீங்க?" கல்லு மாட்டியிருக்கு, எடுக்கிறேன் என்றேன். ஸ்டெப்னி வேறு இருக்கிறது. குத்தி என்ன.

ஒரு வாரத்தில் ஒரு கரண்டி, ஒரு ஊசி.

ஆவணி 13, வியாழன்

தனத்துக்கு போன் போட்டேன். அவளிடம் தனியாகச் சொல்லிவிடுவது என்று. புருஷனிடம் சொல்லாதே, உன் வாயால் ஏதாவது காரணம் காட்டிச் சீரை வேறு வண்டியில் வரச் சொல்லிவிடு என்று கெஞ்சிக் கேட்டுவிடுவது என்று.

எடுத்தாள். "மதினி" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. நான் ஆரம்பிப்பதற்குள் பின்னால் செல்வம் அண்ணன் குரல், "யாரு, தங்கச்சியா? ஸ்பீக்கர்ல போடு." அப்புறம் அண்ணன்தான் பேசினார். கிடா பார்த்தாயிற்றாம், சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்றாம். நான் யாழினிக்கு வளையல் அளவு கேட்டு வைத்துவிட்டேன். வளையல் நேற்றே வாங்கியாயிற்று.

வைத்துவிட்டு அழுதேன். சத்தம் கேட்காமல் இருக்கக் கிரைண்டரைப் போட்டுவிட்டு.

மெதுவாகப் போனால் ஒன்றும் ஆகாது என்று ஒரு நேரம் தோன்றுகிறது. அடுத்த நேரம் அந்தக் கண்மாய்க்கரை கண்ணுக்கு முன்னால் வருகிறது. வண்டி பின்னால் வருவது, தண்ணீர், தட்டுகள் மிதப்பது. வாழைப்பழத் தட்டுத்தான் முதலில் மிதக்கும் என்றுகூட நினைத்துவிட்டேன். என்ன மனசு இது.

ஆவணி 15, சனி

தட்டு இருபத்தொன்றும் ரெடி. பட்டுப்பாவாடை, வளையல், கம்மல், பழம், இனிப்பு, தேங்காய், சாக்லேட் ஒரு தட்டு (பவி யோசனை). வண்டியைக் கழுவி, மாவு நாற்றம் போகச் சாம்பிராணி போட்டு, பின்னால் ஜமக்காளம் விரித்தாயிற்று. வாழைக்கன்று கட்டியிருக்கிறது. பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது, சனியன்.

சாயங்காலம் இவர் பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டிக்கொண்டு வந்தார். கியர் கம்பில் கட்டி, டிரைவர் சீட்டின் கீழ்க் கம்பியில் இழுத்து முடிச்சுப் போட்டால் கழலாதாம். நான் டார்ச் அடித்தேன். சீட்டைத் தூக்கியதும் அப்படியே குனிந்தபடி நின்றுவிட்டார்.

அந்தக் கம்பியில் ஓரிடத்தில் மட்டும் பெயிண்ட் தேய்ந்து வெள்ளையாக மின்னியது. கறுப்பாக ரப்பர் துணுக்கு ஒட்டியிருந்தது. பழைய டியூப். கட்டிக் கட்டி அவிழ்த்த இடம்.

இவர் விரலால் அதைத் தடவினார். செல்வம் அண்ணனும் இப்படித்தான் ஓட்டியிருக்கிறார் என்று இவருக்கே தெரிந்துவிட்டது. பிறகு அதே இடத்திலேயே புது டியூபைக் கட்டி முடிச்சுப் போட்டார்.

"இப்பவாச்சும்..." என்றேன்.

"நாளைக்கு ஒரு நாள். பிள்ள காது குத்தி முடியட்டும். மெதுவாப் போவோம்."

பவியை நாளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி ராணி மகளோடு விட்டுவிட்டுப் போகிறேன். பவி அழுகிறாள். அழட்டும். மற்றவர்கள் பிள்ளையை மட்டும் ஏற்றப்போகிறேன். சாமி என்னை என்ன செய்தாலும் தகும்.

ஆவணி 16, ஞாயிறு

வீடு வந்து சேர்ந்தோம். எல்லோரும். முதலில் இதை எழுதிக்கொள்கிறேன். எல்லோரும்.

காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். பின்னால் பதினாலு பேர், கொட்டு, சிரிப்பு. நான் முன்னால், இவர் பக்கத்தில். செக்கானூரணிக்கு முன்பே டியூப் படாரென்று அறுந்தது. இவர் என்னைப் பார்த்தார். நான் கியரைப் பிடித்தேன். பின்னால் ராணி மாமியார் குலவை போடுகிறார். எனக்குப் பட்டுச்சேலையெல்லாம் வேர்வை.

கண்மாய்க்கரை அடியில் நிறுத்தினோம். அங்கேதான் எங்களை எதிர்கொண்டு அழைக்க வேண்டும். செல்வம் அண்ணன் வெள்ளைச் சட்டையில் இறங்கி வந்தார், அவர் ஆட்களோடு. ஆரத்தி எடுத்தார்கள். மேலே கோயில் வரைக்கும் வண்டியிலேயே ஏறி வரணும், தனமும் பிள்ளையும் தாய்மாமன் பக்கத்தில் உட்கார்ந்து வரணும் என்று ஏற்பாடு. நான் இறங்கி இடம் கொடுத்தேன். தனம் பிள்ளையை இடது மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். நான் பின்னால் ஏறப் போகணும். போகாமல் அவள் பக்கத்துக் கதவைப் பிடித்தபடி நின்றேன்.

இவர் இன்ஜினைப் போட்டார்.

அப்போது தனம் செய்ததை நான் சாகும் வரை மறக்க மாட்டேன். யாரும் சொல்லவில்லை. அவள் பார்க்கக்கூட இல்லை, பிள்ளையின் பாவாடையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். வலது கை மட்டும் தானாகப் போய்க் கியர் கம்பை அடியில் பிடித்தது. காலிரண்டையும் முன்னால் முட்டுக்கொடுத்தாள். தோளைச் சாய்த்தாள். நான் பத்து நாளாகக் கற்றுக்கொண்டதை அவள் தூக்கத்திலும் செய்வாள் போல இருந்தது.

இவர் அந்தக் கையைப் பார்த்தார். இன்ஜினை நிறுத்தினார்.

"எம்புட்டு நாளா தனம்?"

"என்னண்ணே?"

"இந்தக் கை."

அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. சடாரென்று கையை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பிள்ள வயித்துல இருக்கும்போதுமா?"

அவள் கீழே பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினாள். யாழினி மாமா மீசையைப் பிடிக்கக் கை நீட்டுகிறது.

நான் கேலி செய்தேனே. புருஷனைப் பிரிய மாட்டாளே என்று. அன்றைக்கு பஸ்ஸில் வாங்க என்றாளே, அதற்குப் பவிசு என்று பேர் வைத்தேனே.

இவர் இறங்கினார். பின்னால் போய்க் கதவைத் திறந்துவிட்டார். இவருக்கு இவ்வளவு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. "எல்லாரும் இறங்குங்க! தாய்மாமன் சீரு நடந்துதான் கோயிலுக்கு வரும். கொட்டுக்காரரே, அடிங்க!"

பெரியப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். கொட்டுச் சத்தத்தில் போயிற்று. ஆளுக்கொரு தட்டாக இறங்கினார்கள். பெரியம்மாவை நானும் அக்காவும் தாங்கி இறக்கினோம்.

செல்வம் அண்ணன் ஓடி வந்தார். "என்ன மச்சான், வண்டி இருக்கப்ப எதுக்கு நடை? இந்த வெயில்ல..."

இவர் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார். இடப்பக்கம் போய்த் தனத்தை இறக்கினார். அந்தக் கதவைத் தானே சாத்தினார்.

"நீங்க ஓட்டிட்டு வாங்க மாப்ள. தனியா."

அவ்வளவுதான் சொன்னார். மரியாதை குறையவில்லை, குரல் உயரவில்லை. பிள்ளையைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஏற ஆரம்பித்தார். தனம் ஒரு அடி வண்டிப் பக்கம் போனாள். நான் அவள் வலது கையைப் பிடித்துக்கொண்டேன். விடவில்லை.

பாதி ஏற்றத்தில் திரும்பிப் பார்த்தேன். அண்ணன் சாவியோடு அப்படியே நிற்கிறார். ஏற்றத்தைப் பார்க்கிறார், இடப்பக்கச் சீட்டைப் பார்க்கிறார். பிறகு கருவேலம் புதருக்குள் கை விட்டு ஒரு பெரிய கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். அந்தக் கல்லை அவர் தேடவில்லை. எங்கே கிடக்கும் என்று தெரிந்திருந்தது. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு எங்களுக்குப் பின்னால் நடந்து வந்தார்.

காது குத்தும்போது யாழினி வீறிட்டது. மாமா மடியில்தான். இவர் கண்ணிலும் தண்ணீர், குழந்தை அழுததற்கு என்று எல்லோரும் சிரித்தார்கள். நடந்து வந்த சீரை அந்த ஊரே பேசுகிறது. கறிச்சோறு நன்றாக இருந்ததாம். எனக்கு ருசி தெரியவில்லை. அண்ணன் பந்தியில் எல்லோருக்கும் பரிமாறினார், எங்கள் வரிசைக்கு மட்டும் வேறு ஆள் வந்தார்.

திரும்பி பஸ்ஸில் வந்தோம். வண்டி அங்கேயே. சாவி அவரிடம். கிளம்பும்போது தனம் என் காதில், "ஒண்ணும் சொல்ல மாட்டாரு மதினி. பயப்படாதீங்க" என்றாள். பயப்படாதே என்று நான் அல்லவா அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆவணி 17, திங்கள்

மப்பு. ஒத்தக்கடைக்கு மாவு இல்லை என்று சொல்லியாயிற்று. உளுந்து ஊறப்போடவில்லை.

7.10. தனம் போன். "மதினி, இவரு வண்டிய எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு. உங்க வீட்டுக்குத்தான். நான் வாரேன்னேன், ஏற வேணாம்னுட்டாரு. ராத்திரி பூராப் பேசவே இல்ல மதினி. தனியாப் போறாரு." அழுகிறாள்.

இவரிடம் சொன்னேன். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். "செக்கானூரணி ரோட்டுலதான் வரணும்" என்று மட்டும் சொன்னார்.

7.40. நேற்று அவர் அந்தச் சாவியோடு நின்றபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது. பொய் சொல்வானேன், இருந்தது. நல்லா வேணும் என்று நினைத்தேன். இப்போது சாமி படத்துக்கு முன்னால் நிற்கிறேன். அவரை ஒன்றும் பண்ணிவிடாதே. என் மேல் போடு. தனத்துக்குப் போட்டுவிடாதே.

8.05. மொபெட்டில் போனவர் போனை எடுக்கவில்லை.

8.20. தனம் மறுபடி போன். வரவில்லை என்றேன். பின்னால் யாழினி அழுகை, காது வலிக்கிறதாம். விளக்கெண்ணெய் தொட்டு வைக்கச் சொன்னேன்.

8.30. தெருவில் ஒரு லாரிச் சத்தம். இல்லை.

8.45. ராணி வந்து கேசரி டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள். என்னக்கா ஒரு மாதிரி இருக்கீங்க. ஒன்றுமில்லை.

8.50. அந்தச் சத்தம்தான். எந்தச் சத்தத்தில் இருந்தும் அதைப் பிரித்துச் சொல்லுவேன். மூணாவது கியரின் முனகல். தெருமுனைக்கு ஓடினேன்.

மாட்டுவண்டி வேகத்தில் வந்தது. செல்வம் அண்ணன் ஓட்டுகிறார், நேற்றைய அதே வெள்ளைச் சட்டை. பின்னால் மொபெட் படுத்துக்கிடக்கிறது. இடப்பக்கச் சீட்டில் இவர். குனிந்து, காலை முட்டுக்கொடுத்து, கியரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அண்ணன் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இவர் கியரை விட்டுக் கையை எடுக்கவில்லை. வீட்டு வாசலில் நிற்காமல் என்னைத் தாண்டி ரஹீம் பாய் பட்டறைப் பக்கம் போய்விட்டார்கள்.

தனத்துக்குச் சொல்ல வேண்டும். போன் உள்ளே இருக்கிறது.